ஆல்பர்ட்டுக்கு அழுத கதை

மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்காமல் பெண் கொடுத்த குடும்பம் எங்கள் வகையறாவில் கிடையாது. விசாரிக்கப் போனவர்கள் யாரும் உருப்படியாக ஒரு தகவலைக் கொண்டுவந்ததாகவும் சரித்திரம் கிடையாது. பெரும்பாலும் மாமாக்கள்தான் போவார்கள். மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனை டீக்கடையில் பழம்பொரி தின்பார்கள். ஏப்பம் விட்டபடி வந்து, "தங்கமான பையன்" என்பார்கள். அந்தத் தங்கங்களில் சில பிற்பாடு என்ன ஆயின என்பதைச் சொன்னால் குடும்பச் சண்டை வரும். எங்கள் குடும்பத்தில் தன் மாப்பிள்ளையைத் தானே விசாரிக்கப் போன ஒரே பெண் நான்தான். (இனி யாரும் போகவும் மாட்டார்கள். அந்தப் பாடத்தை எல்லோருக்கும் சேர்த்து நானே படித்துவிட்டேன்.)

என்னைச் சொல்லிக் குற்றமில்லை, என் வேலை அப்படி. தம்பானூர் பக்கம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், செத்தவர் பெயரில் பணம் கேட்டு வரும் மரணக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தேன். செத்ததாகச் சொல்லப்படுபவர் செத்தாரா, எதனால் செத்தார், வீட்டார் எதைச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்பதற்குச் சம்பளம். அதைக் கொஞ்ச காலம் செய்தால், பால்காரர் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார் என்று தோன்ற ஆரம்பிக்கும். எனக்கு வேலையில் சேரும் முன்பே தோன்றிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும், வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் என்று இருக்கிற குடும்பம். எனக்கு வரன் பார்த்தபோது கரமனையில் இருக்கும் மணிகண்டன் என்பவரின் ஜாதகம் பொருந்தியது. வழக்கம்போலப் பெரிய மாமா விசாரிக்கப் போய், வழக்கம்போல ஏப்பத்தோடு திரும்பினார்.

"தங்கமான பையனாக்கும். சர்வே ஆபீஸ்ல படம் வரைகான். குடி இல்லே, பீடி இல்லே. பக்கத்து வீட்டுக்காரரு ஒரு சங்கதி சொன்னாரு கேட்டியளா? ஞாயித்துக்கிழமை தோறும் வெளியே போயிட்டு அந்திக்கு வந்து, புறத்த பைப்புல தலையோட தண்ணி விட்டுட்டுத்தான் வீட்டுக்குள்ள ஏறுவானாம். இந்தக் காலத்துல யாரு செய்வா?"

அப்பாவுக்கு ஒரே பெருமை. எனக்கு மட்டும் காது விடைத்துக்கொண்டது. எங்கள் ஆட்கள் வெளியே குளித்துவிட்டு வீட்டுக்குள் நுழைவது ஒரே காரணத்துக்காகத்தான். துட்டி. சாவு வீட்டுக்கோ சுடுகாட்டுக்கோ போய் வந்தால் தலை நனையாமல் படியேறக் கூடாது.

"ஞாயித்துக்கிழமை தோறும் இவருக்கு யாரு மாமா சாகுகா?" என்று கேட்டேன்.

"நாலு பேரு காரியத்துக்கு முன்ன நிக்க பையன்டி. உனக்கு எல்லாம் சந்தேகம்."

"திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் கரமனையில யாரும் சாக மாட்டாங்களா?"

மாமா அடுத்த வடையை எடுத்தார். நிச்சயதார்த்தம் நடந்தது. மோதிரம் போடும்போது பார்த்தேன், அவர் நக இடுக்கில் பச்சையாக ஏதோ பாசி. பேனா பிடித்துப் படம் வரைகிற கையில் பாசிக்கு என்ன வேலை? நிச்சயப் புகைப்படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, நான் மட்டும் அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெட்கம் என்று அவர்கள் வீட்டில் மெச்சிக்கொண்டார்களாம்.

பிறகு தொலைபேசியில் பேசத் தொடங்கினோம். நல்ல குரல். நிதானமான பேச்சு. (நிதானமாகப் பேசுகிறவர்களைத்தான் நாங்கள் முதலில் சந்தேகப்படுவோம்.) ஒருநாள், போகிற போக்கில் கேட்பதுபோல, "ஞாயித்துக்கிழமையெல்லாம் என்ன செய்வீங்க?" என்றேன்.

"சும்மா... கொஞ்சம் வெளியே போவேன்" என்றார்.

சும்மா! என் அனுபவத்தில் அந்தச் 'சும்மா'வுக்குள் ஒரு குடும்பமே இருக்கும். அடுத்த வாரம் பேசிக்கொண்டிருக்கும்போது யாரிடமோ, "நாளைக்கு அவங்களுக்குப் பூ வாங்கணும், மறக்காம ஞாபகப்படுத்து" என்று சொன்னது காதில் விழுந்தது. எனக்கு அவர் அதுவரை ஒரு முழம் மல்லிகை வாங்கித் தந்ததில்லை.

வீட்டில் இதை நம்பியது ஒரே ஆள், பகவதி அத்தை. அப்பாவின் தங்கை, எங்களோடு இருப்பவள். அத்தைக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, தொலைக்காட்சித் தொடரில் கொலைகாரன் யார் என்று முதல் வாரமே சொல்லிவிடுவாள். இன்னொன்று, சொந்தத்தில் யார் இறந்தாலும் ஒப்பாரிக்கு அவள்தான் முதல் குரல். அவள் வந்து உட்கார்ந்து தொடங்கினால்தான் சாவு வீடு சாவு வீடாகும்.

"பத்திரிகை அச்சுக்குப் போறதுக்கு முன்னால பாத்துருவோம் மக்களே" என்றாள் அத்தை. "ஒண்ணும் இல்லேன்னா சந்தோசம். ஏதாவது உண்டும்னா இப்பவே நிறுத்திரலாம். தாலி ஏறின பொறவு அழுது என்ன பிரயோசனம்?"

எனக்கும் அதுதான் பயம். வெளியே துணிச்சல் பேசினாலும், அந்த மனிதரை எனக்குப் பிடித்துப் போயிருந்தது. ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே, ஏதாவது இருக்கும் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கரமனைக்காரர்கள் பூ வாங்குகிற பழவங்காடியில் ஒரு ஆட்டோவுக்குள் அத்தையும் நானும் முக்காடு போட்டு உட்கார்ந்தோம். (வெயிலில் இரண்டு பெண்கள் முக்காடு போட்டு ஆட்டோவுக்குள் பதுங்கியிருந்தால் ஊரே பார்க்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.) பூக்கடைக்கு அவர் பைக்கில் வந்தார். பிள்ளையார் கோயில் நடை சாத்தியிருந்தது. சாத்திய நடையைப் பார்த்தே ஒரு கும்பிடு போட்டார்.

"பாத்தியா, மனசுல குத்தம் இருக்கு" என்றாள் அத்தை.

வெள்ளைப் பூவாக ஒரு கட்டு வாங்கினார். பைக்கில் ஒரு வாளி தொங்கியது. வாளிக்குள் ஒரு பிரஷ். எங்கள் ஆட்டோக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "சேச்சி, ஆ பைக்கின்றெ பின்னாலெ விடட்டே?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் விட்டார். பைக் பாளையத்தைத் தாண்டி, ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நின்றது.

"செமித்தேரியாணல்லோ!" என்றார் ஆட்டோக்காரர், எங்களைவிட ஏமாந்து. சினிமாக் கொட்டகையையாவது எதிர்பார்த்திருப்பார் போல.

உள்ளே போய் ஒரு பெரிய கல்லறைக்குப் பின்னால் ஒளிந்தோம். மேலே சிறகு வைத்த ஒரு கல் தேவதை. அதன் ஒரு சிறகுக்கு நானும் இன்னொரு சிறகுக்கு அத்தையும். மணிகண்டன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கல்லறைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். வாளித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கல்லைத் தேய்த்தார். எழுத்து எழுத்தாக, பிரஷ்ஷின் நுனியால், குழந்தைக்குக் காது துடைப்பதுபோலத் தேய்த்தார். அந்தப் பாசி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துபோனது.

பூவை வைத்தார். கைப்பேசியை எடுத்தார். ஆங்கிலத்தில் பேசினார்: "உங்கள் பூவை வைத்துவிட்டேன். இப்போது சுத்தமாக இருக்கிறது, பாருங்கள். அழாதீர்கள். நான் இருக்கிறேன், அடுத்த வாரமும் வருவேன்."

அந்தப் பக்கம் ஒரு பெண் விசும்பும் சத்தம்.

"என்ன சொல்லுகான்?" என்று அத்தை என் முழங்கையைக் கிள்ளினாள்.

நான் மொழிபெயர்த்தேன். அத்தை நெஞ்சில் கைவைத்தாள். "முடிஞ்சுது. மொதத் தாரம். சர்ச்சுக்குப் போற வேதக்காரி. அவ செத்துப் போயிருக்கா, போன்ல அழுகது அவ அம்மா. உன்னை ரெண்டாந்தாரமாட்டு தள்ளப் பாத்திருக்கானுவ, பாவி மக்களே!"

ஒரு கோரிக்கையை நிராகரிக்கும் முன் ஆவணங்களை மூன்று முறை படிக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. நான் அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறைகூடப் படிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கூடவே அழுகையும் வந்துவிடும். பிறவிக் கோளாறு. அலுவலகத்தில் இதனாலேயே யாரையும் திட்ட முடியாது. தேவதையின் சிறகுக்குப் பின்னாலிருந்து கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே பாய்ந்தேன்.

"யாரு இவ? எப்பச் செத்தா? எத்தனை வருஷம் குடும்பம் நடத்துனீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா உங்களுக்கு?"

கல்லறைத் தோட்டம் முழுக்கக் கேட்டது. மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து போயின. மணிகண்டன் திடுக்கிட்டு எழுந்து திரும்ப, கையிலிருந்த கைப்பேசியும் என் பக்கம் திரும்பியது. திரையில் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்னைக் கண்கொட்டாமல் பார்த்தாள். அவர் கல்லறையை விட்டு ஒரு ஓரமாக விலகி நின்றார். அப்போதுதான் கல்லைப் படித்தேன்.

ஆல்பர்ட். ஒரு பட்டாளத்தின் பெயர். வயது இருபத்திரண்டு. இரண்டாம் உலகப் போரில் இறந்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய். ஆண்!

பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும் என்று சொல்வார்களே, அதற்கு அதைவிடத் தோதான இடம் திருவனந்தபுரத்தில் வேறு இல்லை. பக்கத்தில் காலியிடமும் இருந்தது.

திரையிலிருந்த கிழவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "யார் அந்தப் பெண்? என் அப்பாவுக்காகவா அழுகிறாள்?"

மணிகண்டன் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'இவள் நான் கட்டிக்கொள்ளப் போகிற பெண், உங்கள் அப்பாவை என் முதல் மனைவி என்று நினைத்துவிட்டாள்' என்று சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் சொன்னது, "ஆமாம், டோரத்தி. இவர் நான் கல்யாணம் செய்யப் போகிறவர். உங்கள் அப்பாவைப் பார்க்க வந்திருக்கிறார்."

டோரத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வயிற்றில் இருக்கும்போதே அப்பா கப்பலேறிவிட்டார். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்தார். அம்மாவால் கடைசிவரை இங்கே வர முடியவில்லை. "அந்த இடத்தில் யாரும் அவருக்காக அழுதே இருக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்" என்றாள். பிறகு, "அந்தப் பெண்ணை நிறுத்தச் சொல்லிவிடாதே" என்றாள்.

எனக்கோ அதிர்ச்சியில் கண்ணீர் சுத்தமாக வற்றிப்போயிருந்தது. ஒரு சொட்டு வரவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தோளை மட்டும் குலுக்கினேன். பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கிற நான், பொய்யாக அழுதுகொண்டு நின்றேன்.

அத்தை சிறகை விட்டு வெளியே வந்தாள். "என்னவாம் அந்த அம்மைக்கு?"

முந்தானைக்குள்ளிருந்தே கிசுகிசுத்தேன். அத்தைக்கு முதல் தாரமும் இரண்டாம் தாரமும் அந்த நொடியில் மறந்துபோயின. அவள் முகம் மாறிவிட்டது. "அப்பன் செத்ததுக்கு ஒருத்தரும் அழல்லியா? இவ்வளவு காலமா?"

சேலையை இழுத்துச் செருகினாள். கல்லறைக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். "பேரு சொல்லி அழணும். பேரு என்ன மாப்பிள்ளே?"

"ஆல்பர்ட், அத்தை."

மார்பில் அடித்துக்கொண்டு தொடங்கினாள்.

"ஆல்பர்ட்டு ராசாவே, கப்பலேறி வந்தவரே,
கப்பலேறி வந்த கால்கள் கரை திரும்பிப் போகலியே!
பெத்த மக முகம்பாத்துப் பேரு வைக்க வரலியே,
பேரு சொல்லி நீ விளிக்கப் பிள்ளை அங்கே நிக்குதய்யா!"

எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆல்பர்ட்டு ராசா! உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அத்தை விடவில்லை. மகள் பிறந்த சேதி வந்துதோ, வராமலே கண் மூடினாயோ என்று கேட்டாள். அன்னிய மண்ணில் தாகத்துக்குத் தண்ணீர் யார் தந்தார்கள் என்று கேட்டாள். எந்த இடத்தில் என்று தெரியாது, என் சிரிப்பு தடம்மாறி நிஜமான அழுகையாக வந்தது. இருபத்திரண்டு வயது! என் தம்பியைவிடச் சின்னவன். தேம்பித் தேம்பி அழுதேன். திரையில் டோரத்தியும் அழுதாள். ஒரு சொல் புரியாவிட்டாலும் அவள் அத்தையோடு சேர்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தால், சத்தம் கேட்டு உள்ளே வந்த ஆட்டோக்காரர் கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நிற்கிறார்.

பேச்சு முடிந்து கைப்பேசியை அணைத்த பிறகுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. இந்தக் கல்யாணத்தை நிறுத்த வந்தவள் நான். இப்போது அவர் நிறுத்திவிடுவாரோ?

"பர்மா சண்டைக்குப் போன எங்க அம்மாவோட பெரியப்பா திரும்பி வரல்ல" என்றார் மணிகண்டன், வாளியைக் கழுவியபடி. "எங்க கெடக்காருன்னு வீட்டுல யாருக்கும் தெரியாது. அதான் இங்க கெடக்கறவங்களுக்கு நான் செய்யறேன். அங்க யாராவது அவருக்குச் செய்வாங்கன்னு ஒரு நெனப்பு. போட்டோ எடுத்து அவங்க குடும்பத்துக்கு அனுப்புவேன். கல்யாணப் பேச்சு நேரத்துல கல்லறைக்குப் போற பையன்னு தெரிஞ்சா, அபசகுனம்னு பெண்ணு தர மாட்டாங்கன்னு அம்மா சொல்லக் கூடாதுன்னுட்டா."

அவர் கோபப்படவே இல்லை. எனக்கு அதுவும் சந்தேகமாக இருந்தது. "உங்களுக்கு என்மேல கோபம் இல்லியா?" என்றேன்.

"கோபம் இல்ல. ஒரு சந்தேகம் உண்டு. நீங்க அழுதது நிஜமா?"

"மொதல்ல உங்க மேல கோபத்துல. நடுவுல பொய். கடைசியில நிஜம்."

"கடைசியில நிஜமா இருந்தாப் போதும்" என்றார்.

அதோடு அவமானம் முடிந்துவிடவில்லை. கல்லறையில் ஒப்பாரியே வைத்தாகிவிட்டது, தலை நனையாமல் வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று அத்தை பிடிவாதம் பிடித்தாள். எங்கள் வீட்டில் புறவாசல் பைப்பு கிடையாது; இருந்தது கரமனையில், மணிகண்டன் வீட்டில்தான். நான் புகுந்த வீட்டுக்கு முதன்முதலாகப் போன காட்சி இதுதான்: முகம் வீங்கி, மை வழிந்து, வருங்கால மாமியார் வாய் பிளந்து நிற்க, புறவாசல் பைப்புக்கடியில் சேலையோடு உட்கார்ந்திருக்கிறேன். மாமியார் அதிர்ச்சியிலிருந்து மீளாமலே என் தலையில் வாளி வாளியாக ஊற்றினார். மதில் மேல் ஒரு தலை தெரிந்தது. பெரிய மாமாவுக்குத் தகவல் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் கல்யாணப் பத்திரிகைக்கு முன்னால் இந்தச் செய்தி கரமனை முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. தேனிலவுக்கு மூணாறு என்றுதான் முதலில் பேச்சு. கடைசியில் போனது பர்மா எல்லைப் பக்கத்து இம்பால். அங்கே வரிசை வரிசையாக நின்ற போர்க் கல்லறைகளுக்கு நடுவே, அவருடைய அம்மாவின் பெரியப்பா பெயரைத் தேடி நடந்தோம். கிடைக்கவில்லை. நான் அவருக்குத் தெரியாமல் எல்லாப் பெயர்ப் பலகைகளையும் மறுபடியும் ஒரு சுற்றுச் சரிபார்த்தேன். அப்போதும் கிடைக்கவில்லை. (என் தொழில் எனக்கு உபயோகப்படாமல் போனதற்கு நான் வருத்தப்பட்ட ஒரே சந்தர்ப்பம் அது.)

ஆனால் குடும்பத்தார் பிடித்துக்கொண்டது வேறு ஒன்றை. கல்யாணம் முடிந்து பெண்ணை அனுப்பும்போது, வழக்கப்படி நான் அழுதிருக்க வேண்டும். அன்றைக்கு அழுகை வரவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம், என்ன செய்ய? கார் பக்கத்தில் நின்று அத்தை ஊருக்கே கேட்கச் சொன்னாள்: "யாருன்னே தெரியாத வெள்ளைக்காரனுக்கு அந்த அழுகை அழுதா. பெத்த அப்பனை விட்டுப் போகும்போது ஒரு சொட்டு இல்லே, பாத்துக்கிடுங்க!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் கண் கலங்கினாலும் ஒரே கேள்விதான்: "நிஜமா, வெள்ளைக்காரனுக்கா?" பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று என் மகள் அழுதால் கேட்பார்கள். கடையில் தள்ளுபடி கேட்டு யாராவது மூக்கை உறிஞ்சினால் அப்பா கேட்பார். வெங்காயம் நறுக்குகிறவர்கள்கூடத் தப்ப முடியாது. பெரிய மாமா இதைச் சொல்லிச் சிரிக்காத கல்யாணப் பந்தி கிடையாது. தான் விசாரித்துச் சொன்ன பையன் தங்கம்தான் என்று கடைசியில் சேர்த்துக்கொள்வார்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுக்களை வாசலில் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், முதுகைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். முதுகைத் திருப்பிக்கொள்கிறவர்களை நான் விட மாட்டேன். தோசைக் கரண்டியோடு பின்னால் போய் நின்று, "நிஜமா, வெள்ளைக்காரனுக்கா?" என்றேன்.

"வெள்ளைக்காரிக்கு" என்றார். "டோரத்தி நேத்து ராத்திரி தவறிட்டாங்களாம்."

நான் அடுப்பை அணைத்துவிட்டு, அப்பா வீட்டுக்குப் போன் போட்டு, ஆல்பர்ட்டுக்குப் பூ வாங்கணும், கிளம்பு என்று அத்தையைக் கூப்பிட்டேன். மேற்கொண்டு எதுவும் விசாரிக்கவில்லை.